பக்கத்து ஊருக்குப் போன புயல்

2015 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ தொலைக்காட்சியில் வந்து, இந்த நகரம் இதுவரை கண்ட பனிப்புயல்களிலேயே பெரியதாக இது இருக்கக்கூடும் என்றார். திங்கள் தொடங்கி செவ்வாய்க்குள் 20 முதல் 30 அங்குலம் பனி விழும் என்பது தேசிய வானிலைச் சேவையின் கணிப்பு. சென்ட்ரல் பார்க்கில் 1869 முதல் பனியை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவரை அங்கே ஒரே புயலில் விழுந்த அதிகபட்சம் 2006 பிப்ரவரியின் 26.9 அங்குலம். முப்பது அங்குலம் என்றால் என் ஆறு வயது மகளுக்கு மார்பளவு வரும். அவள் ஸ்கேலை எடுத்து வந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் இருக்காது என்பது அந்தக் கோட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நாங்கள் குவீன்ஸில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வேதாரண்யத்திலிருந்து அம்மா வந்திருந்தார். புயல் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "காத்து எவ்வளவுடா அடிக்கும்?" என்பதுதான். நான் தேடிப் படித்துச் சொன்னேன். மணிக்கு 35 மைலுக்கு, அதாவது 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத அளவுக்குப் பனி, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அதை இங்கே 'பிளிஸார்ட்' என்பார்கள்.

"அம்பத்தாறு கிலோமீட்டருக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றார்.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலைப் பார்த்தவர் அவர். தென்னை எல்லாம் தலை முறிந்து கிடந்ததையும், கூரை போன வீட்டில் அரிசிப் பானையை மட்டும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் புயலுக்கு முன்னால் ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "எங்க தெருவுல ரேடியோ இருந்ததே ரெண்டு வீட்டுலதான்" என்பார். இரண்டு நாள் முன்னதாகவே அங்குலக் கணக்கில் சொல்லிவிடும் புயல் அவருக்குப் புதிது. கொஞ்சம் ஏளனமாகவும் இருந்தது.

நகரத்தின் பதற்றத்துக்கு வேறு காரணங்கள் இருந்தன. 2010 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிய புயலில் 20 அங்குலம் விழுந்து, குவீன்ஸிலும் புரூக்ளினிலும் பல தெருக்களில் நாள் கணக்கில் பனி வாரப்படாமல் கிடந்தது. அப்போதைய மேயர் புளூம்பெர்க் அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. 2014 ஜனவரியில் தெற்கே அட்லான்டாவில் விழுந்தது இரண்டு மூன்று அங்குலம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பி, ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய நெடுஞ்சாலையில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பஃபலோ பக்கம் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டி வண்டிகள் சிக்கின. இத்தனையும் பார்த்த ஒரு மேயரும் ஒரு கவர்னரும் அடக்கி வாசிப்பார்கள் என்று யார் எதிர்பார்ப்பது?

ஞாயிறு மதியமே நானும் மகளும் ஏழாம் நம்பர் ரயில் பிடித்து ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆம் தெருவுக்குப் போனோம். இங்கே பனி என்றால் வெள்ளைக்காரர்கள் பால், ரொட்டி, முட்டை மூன்றையும் வாங்கிக் குவிப்பார்கள். மூன்றையும் சேர்த்தால் ஃபிரெஞ்ச் டோஸ்ட் வரும் என்பது பழைய கிண்டல். நம்மவர்கள் கடையில் காட்சி வேறு. இருபது பவுண்டு கோதுமை மாவு மூட்டை தோளில் ஏறிப் போகிறது. வெங்காயத் தொட்டியின் அடி தெரிகிறது. தயிர் வாளிகளுக்காக முன்பின் தெரியாத இரண்டு மாமிகள் சமரசம் பேசுகிறார்கள். கறிவேப்பிலையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி, மெழுகுவத்தி, நான்கு கேலன் பால் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனதில், பேட்டரி மட்டும் கிடைக்கவில்லை.

பால் நான்கு கேலன் என்பது அம்மாவின் கணக்கு. "பால் இருந்தா ஒரு வீடு பட்டினி கிடக்காது" என்றார். இட்லி மாவும் ஒரு குண்டான் அரைத்து, குளிருக்குப் புளிக்காது என்பதால் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தார். கரண்டு போனால் அந்த விளக்கும் போகும். கேஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மின்சாரம் இல்லாமல் எரியாது. எங்கள் உண்மையான பயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கைக்கு வேலை.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் சீனப் பெரியவர். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கும்படி மூன்று முறை மாடியேறி வந்து சொன்னார். நியூயார்க்கின் குடிநீர் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து சரிவிலேயே ஓடி வருகிறது, ஐந்தாறு மாடி வரை மோட்டார் இல்லாமலே ஏறும், இரண்டாம் மாடிக்கு எந்தப் புயலிலும் தண்ணீர் நிற்காது. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. பிடித்து வைத்தோம்.

அவர் கொண்டுவந்த இன்னொரு பொருள்தான் வீட்டில் தகராறு ஆனது. ஐம்பது பவுண்டு கல்லுப்பு மூட்டை. வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையைப் பனி நின்ற சில மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்களே சுத்தம் செய்யவேண்டும் என்பது இந்த நகரத்துச் சட்டம், தவறினால் அபராதம். அதனால் பனி வருமுன்னே படியிலும் பாதையிலும் உப்பைத் தூவிவிடுவார்கள். உப்பு கரைந்த நீர் சுலபத்தில் உறையாது. ஏறத்தாழ மைனஸ் ஒன்பது டிகிரி வரைக்கும் இந்தச் சாதா உப்பே வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் கால்சியம் குளோரைடு வேண்டும். பெரியவர் கோழிக்குத் தீனி போடுவதுபோல அள்ளி அள்ளி வீசினார். அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பைக் கால்ல மிதிக்கவா போடுறாங்க?"

அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் என்ன விளக்குவது? 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து, ஒரு பிடி உப்பை அள்ளியதற்காக ஜெயிலுக்குப் போன ஊர் அது. சிந்திய உப்பைக்கூட எடுத்து தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில். இந்த நியூயார்க் மாநிலத்திலேயே கயூகா ஏரிக்கு அடியில் சுரங்கம் வெட்டி உப்பு எடுக்கிறார்கள், அதில் பெரும்பங்கு ரோட்டுக்குத்தான் போகிறது என்றேன். அது நிலைமையை மோசமாக்கியது. புயல் முடிந்து உப்பெல்லாம் கழுவிப்போகும்வரை அவர் வாசல் இறங்கவில்லை.

என் மனைவி மன்ஹாட்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு இரவுக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திங்கள் காலை, கைப்பையில் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும், தோளில் சுருட்டிய போர்வையுமாகக் கிளம்பினாள். அப்போது பனி ஆரம்பித்திருந்தது, பூ மாதிரி. அம்மா கொண்டுவந்திருந்த தினசரிக் காலண்டரில் அன்று ரதசப்தமி. சூரியன் வடக்கே தேர் திருப்பும் நாள். டெல்லியில் குடியரசு தினம். ஒபாமா மழைத் தூறலில் உட்கார்ந்து அணிவகுப்பைப் பார்த்ததை டிவியில் காட்டினார்கள். "அவரு தப்பிச்சு நம்ம ஊருக்குப் போயிட்டாரு" என்றார் அம்மா.

மதியத்துக்குள் ஆபீஸ்களைக் காலி செய்தார்கள். பிராட்வே நாடகங்கள் ரத்து. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. சாயங்காலம் அரை அடி அளவுக்குப் பனி சேர்ந்திருந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் அவசர வண்டிகள் தவிர எதுவும் சாலையில் ஓடக்கூடாது, மீறினால் 300 டாலர் வரை அபராதம் என்றார் கவர்னர் ஆண்ட்ரூ கியூமோ. கூடவே சப்வேயையும் நிறுத்தினார். 1904இல் ஓட ஆரம்பித்த சப்வே பனிக்காக முற்றாக நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. அதன் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே ஓடுகிறது. அங்கே பனி விழ வழியில்லை. தண்டவாளத்தைத் துப்புரவாக வைத்திருக்க இரவு முழுக்கக் காலி ரயில்களை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. ரயில் ஓடியது, ஆள் ஏறத்தான் தடை. இந்த முடிவை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு வங்காளதேசத்துப் பையன் இருந்தான். சைக்கிளில் ஹோட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பனி இரவுகள்தான் அவனுக்கு அறுவடை. ஜனங்கள் வெளியே வரமாட்டார்கள், ஆர்டர் குவியும், டிப்ஸும் தாராளமாக விழும். அன்றைக்கு மேயர், சாப்பாடு கொண்டுபோகும் சைக்கிள் அவசர வண்டி ஆகாது என்று பேர் சொல்லாத குறையாக அவனையே குறித்துச் சொன்னார். பதினொரு மணிக்கு முன்பே ஹோட்டலைச் சாத்தி அனுப்பிவிட்டார்கள். ஏழு மணிக்கே வந்து படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கூப்பிட்டு இட்லி கொடுத்தார். ஆறு சாப்பிட்டான். அம்மாவுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு அம்மா பாஷை தெரியாது. ஆறாவது இட்லிக்கு பாஷை தேவைப்படவில்லை.

இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். தொலைக்காட்சியில் ராடார் படத்தில் அடர்ந்த பட்டை ஒன்று கிழக்கே லாங் ஐலண்டின் மேல் நின்றது. மேற்கே எங்கள் பக்கம் வருவதுபோல் வரும், வராது. அறிவிப்பாளர்களின் குரலில் சுதி இறங்கிக்கொண்டே வந்தது. நள்ளிரவுக்கு மேல் கணிப்பைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

விடிந்தபோது சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். எங்கள் தெருவிலும் ஏறக்குறைய அதுவே. பத்து அங்குலப் பனி ஒன்றும் அற்பம் அல்ல. முதுகு ஒடிய ஷவலால் வாரினோம். ஆனால் முப்பதுக்குத் தயாரான ஊருக்கு அது ஏமாற்றமாகப் போனது. காலை ஏழரைக்கு வண்டித் தடையை நீக்கினார்கள், ஒன்பது மணிக்கு சப்வேயைத் திறந்தார்கள். மகள் ஜன்னலுக்கும் சுவருக்குமாகப் பார்த்துவிட்டு, "மிச்சம் எப்போ வரும்?" என்று கேட்டாள்.

மிச்சம் கிழக்கே விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல் தாண்டி, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் இரண்டு அடிக்கு மேல். பாஸ்டனில் 24.6 அங்குலம். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5, அந்த ஊர்க் கணக்கில் அதுவரை இல்லாத அளவு. நான்டக்கெட் தீவு முழுவதும் இருளில் கிடந்தது. புயல் சொன்னபடியேதான் வந்தது. ஐம்பது, அறுபது மைல் கிழக்கே தள்ளி வந்தது. கடலோரமாக வடக்கே ஏறும் இந்த வகைத் தாழ்வழுத்தங்களுக்கு மேற்கு விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல இருக்கும். ஒரு பக்கம் இரண்டடி, கொஞ்ச தூரத்தில் இரண்டு அங்குலம். தென்கோடி நியூ ஜெர்சியும் ஃபிலடெல்ஃபியாவும் அந்த விளிம்புக்கு வெளியே போய்விட்டன. ஓர் அடி எதிர்பார்த்த ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு அங்குலம் தேறவில்லை. ஆயிரம் மைல் அகலத்தில் சுழலும் ஒன்றை ஐம்பது மைல் பிசகோடு இரண்டு நாள் முன்பே சொன்னது என்னைப் பொறுத்தவரை சாதனை. அந்த ஐம்பது மைலுக்குள் எண்பது லட்சம் பேர் குடியிருந்ததுதான் கஷ்டம்.

இதில் ஒரு கதை உண்டு. 2012இல் சாண்டி புயல் வந்தபோது ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி அது கரைப்பக்கம் திரும்பும் என்று ஒரு வாரம் முன்னமே காட்டியது. அமெரிக்க மாதிரி கடலுக்குள் போய்விடும் என்றது. அந்த அவமானம் மறக்கவில்லை. 2015 ஜனவரியில் ஐரோப்பிய மாதிரி நியூயார்க்குக்கு இரண்டடி என்றது. அதே மாதம் 14ஆம் தேதிதான் புதுப்பித்திருந்த அமெரிக்க மாதிரி, அவ்வளவெல்லாம் இல்லை என்றது. போனமுறை ஜெயித்தவன் பேச்சைக் கேட்டார்கள். இம்முறை தோற்றவன் சொன்னது பலித்தது.

செவ்வாய் அதிகாலையிலேயே நியூ ஜெர்சியின் மவுன்ட் ஹாலி வானிலை அலுவலகத்தில் பொறுப்பில் இருந்த கேரி சட்கோவ்ஸ்கி, ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நீங்கள் எங்களை நம்பிக் கடினமான முடிவுகளை எடுத்தீர்கள், நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்ற பொருளில். அரசாங்க அதிகாரி ஒருவர் மேலிடத்துக்காகக் காத்திராமல் இப்படிக் கேட்டது எனக்கு ஆச்சரியம். அவர் கேட்டிருக்கவேண்டியதில்லை என்பது என் கட்சி. எடிசனில் இருக்கும் என் சிநேகிதர் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் ஜெனரேட்டர் வாங்கியவர்.

சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் சிரிப்புகள் வந்து குவிந்தன. உங்களுக்கும் ஒரு ரமணனா என்று. அப்போது சென்னை வானிலை மையத்தில் எஸ்.ஆர். ரமணன் இருந்தார். அவர் டிவியில் மழை என்றால் லீவு, லீவு விட்டால் வெயில் என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணிய காலம். அந்தச் சிரிப்புகளைப் படிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் வானிலை அறிக்கை எப்படிப் பேசும்? ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும், சில இடங்களில் மிதமான மழைக்கு வாய்ப்பு. எதிலும் பிடிகொடுக்காத பேச்சு என்று நாம் காலமெல்லாம் நகைத்த அந்த வாக்கியத்தில்தான் நேர்மை இருந்தது. நியூயார்க்கிலோ எல்லாச் சேனலும் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகத் திரையில் போட்டன. பத்து அங்குலத்துக்கும் வாய்ப்பு உண்டு என்பது வல்லுநர்களுக்குள் பேசப்பட்டது. மளிகைக்கடை வரிசைக்கு வந்து சேரவில்லை. தேசிய வானிலைச் சேவையின் அப்போதைய தலைவர் லூயி உச்செலினி, பனிப்புயல்கள் பற்றியே பெரும் நூல் எழுதியவர், பிறகு இதைத்தான் சொன்னார்: நிச்சயமின்மையை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும் என்று. பின்னாட்களில் குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என்று மூன்று படங்களாகவே போட ஆரம்பித்தார்கள்.

அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. "ஆத்துக்கு இக்கரையில பெய்யும், அக்கரையில காயும். அத எப்படிடா முன்னாடியே சொல்றது?" என்றார்.

மனைவி செவ்வாய் இரவுதான் வந்தாள். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவர்கள் ரயில் இல்லாமல் வரவில்லை. இருந்தவர்களே தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளிகளைப் பார்க்க வருபவர்கள் தங்கும் அறையில் தரையில் படுத்தார்களாம். பனி குறைவு, எல்லோரும் பத்திரம் என்று மேலதிகாரிகள் சந்தோஷமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் வந்தது. பேஸ்மென்ட் பையனுக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை. திங்கள் இரவுக் கூலியும், செவ்வாய் மதியக் கூலியும் போனது போனதுதான். புயல் தப்பிப்போனதைக் கொண்டாடியவர்களுக்கும், வீண் ஆர்ப்பாட்டம் என்று மேயரைத் திட்டியவர்களுக்கும் மாதச் சம்பளம் இருந்தது. முன்னெச்சரிக்கை நல்லது என்று நானும் சொல்வேன். அதற்கான செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்று பார்க்கவேண்டும். ஊரையே அடைக்கச் சொல்லும் அரசாங்கம் அந்த இரவுக்கான கூலியையும் கொடுக்கட்டும்.

நான்கு கேலன் பால் இருந்தது அல்லவா? அடுத்த பத்து நாளும் எங்கள் வீட்டில் பால் பாயசம், பால்கோவா, பன்னீர், மோர்க்குழம்பு. குளியல் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு அம்மா வீட்டைத் துடைத்தார், கொட்ட மனம் வரவில்லை. பாஸ்டனில் இருந்த என் தங்கை அந்தக் குளிர்காலம் முழுக்க அழாத குறை. புயல்மேல் புயலாக வந்து சீசன் முடிவில் அங்கே 110 அங்குலத்தைத் தாண்டியது. எங்கள் பங்கு பனியையும் சேர்த்து அவள்தான் வாரினாள்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2016 ஜனவரி 23, சனிக்கிழமை. இரண்டு நாள் முன்புவரை நியூயார்க்குக்கு ஓர் அடியைத் தாண்டாது என்றே பேச்சு. போன வருஷத்துச் சூட்டில் கடைகளில் பரபரப்பும் அவ்வளவாக இல்லை. சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம் விழுந்தது, 1869 முதல் உள்ள கணக்கில் அதுவே இன்றளவும் முதலிடம். அன்றும் கவர்னர் கியூமோ சாலைகளை மூடினார். சப்வேயில் திறந்தவெளித் தடங்களை மட்டும் மாலை நான்கு மணிக்கு நிறுத்தினார்கள். நிலத்தடி ரயில்கள் இரவு முழுக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடின.